திரையா, நேரா? தேர்ந்தெடுப்பது யார்?

பெரும் நிர்வாகிகள் கூடிப் பேச ஏற்றது எது, திரையா, நேர்முகமா? 2020 முதல் வணிக உலகம் இந்தக் கேள்வியை வைத்து வாதாடி வருகிறது. கொரோனா வந்தது, விமானங்கள் நின்றன, விடுதிகள் அடைபட்டன. "இனி எல்லாம் காணொலியிலேயே! பயணம் எதற்கு? பந்தி எதற்கு?" என்று முழங்கினர் பலர். இன்றோ விமானம் பறக்கிறது, விடுதி நிரம்புகிறது, மாநாடு களைகட்டுகிறது.

சீமான்கள் எங்கே கூடினால் பாட்டாளிக்கு என்ன என்று கேட்கத் தோன்றும். தோழர்களே, ஆலையை மூடுவதா, ஆளைக் குறைப்பதா என்பவை அந்தக் கூட்டங்களிலே முளைப்பவைதாம். கூடும் முறையைக் கவனித்தால் நோக்கமும் புலப்படும்.

ஸ்விட்சர்லாந்தில் டாவோஸ் என்றோர் மலையூர். 1971இல் கிளாஸ் ஷ்வாப் என்னும் பேராசிரியர் ஐரோப்பிய நிறுவனத் தலைவர்களுக்காக அங்கே தொடங்கிய கூட்டமே பின்னர் உலகப் பொருளாதார மன்றம் ஆயிற்று. 2021 ஜனவரியில் அக்கூட்டம் திரையில் நடந்தது. 2022 ஜனவரியிலும் திரைதான். மனம் நிறைந்ததா? இல்லை! அதே 2022 மே 22 முதல் 26 வரை மறுபடியும் மலையேறி விட்டார்கள்.

ஏன்? மேடைப் பேச்சைக் கேட்கவா? அதை அவரவர் அறையிலிருந்தே கேட்கலாமே! மேடைக்கு வெளியே, உணவு மேசையிலும் நடைவழியிலும் மூடிய அறையிலும் நடக்கும் பேச்சுக்குத்தான் அவ்வளவு செலவும்.

இதற்கு அறிவியல் ஆதாரமும் உண்டு. 2022இல் 'நேச்சர்' இதழில் ப்ரக்ஸ், லெவாவ் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் பொறியாளர்களை இருவர் இருவராக அமர்த்திப் பார்த்தார்கள். நேரில் அமர்ந்தவர்களுக்குப் புதிய யோசனைகள் மிகுதியாகத் தோன்றின. திரையில் பேசியவர்களின் கண் திரையிலேயே நிலைகுத்தியது, சிந்தனையும் அதற்குள் குறுகியது. ஆனால், கைக்கு வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்வதில் திரை குறைந்து போகவில்லை.

இந்த உண்மை முதலாளிமாருக்குத் தெரியாததன்று. காணொலிக் கருவி விற்றுப் பெருத்த ஜூம் நிறுவனமே 2023 ஆகஸ்டில், அலுவலகத்துக்கு 50 மைல் சுற்றளவில் வாழும் ஊழியர்கள் வாரம் இரண்டு நாள் நேரில் வர வேண்டுமென்று ஆணையிட்டது. விற்பவன் வீட்டிலேயே சரக்கு செல்லவில்லை!

அப்படியானால் அவர்களுக்குத் திரை எப்போது இனிக்கிறது? 2021 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் பெட்டர் என்னும் வீட்டுக் கடன் நிறுவனத்தில் சுமார் 900 பேரை ஒரே ஜூம் அழைப்பில் வேலைநீக்கம் செய்தார் தலைமை நிர்வாகி. 2022 மார்ச் 17 அன்று, பிரிட்டனின் பி அண்ட் ஓ ஃபெரீஸ் கப்பல் நிறுவனம் சுமார் 800 மாலுமிகளை வீட்டுக்கு அனுப்பியது, அதுவும் முன்னரே பதிவு செய்துவைத்த காணொலியால்! பதிவான படத்திடம் யார் "ஏன்?" என்று கேட்பது? தொழிற்சங்கத்தைக் கலந்து பேச வேண்டும் என்பது சட்டம். தெரிந்தே கலக்கவில்லை என்று அதன் தலைமை நிர்வாகி அடுத்த வாரமே நாடாளுமன்றக் குழுவின்முன் ஒப்புக்கொண்டார்.

தமக்குள் பேரம் பேச மலையுச்சி, தொழிலாளியை நீக்கக் கண்ணாடித் திரை! பெறவேண்டியது இருந்தால் நேரில் வருகிறார்கள். பதில் சொல்லவேண்டியது இருந்தால் திரைக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

திரையே தீது என்று நாம் சொல்லவில்லை. மாநாட்டை நேரிலிருந்து திரைக்கு மாற்றினால் அதன் கரியமில மாசு 94 விழுக்காடு குறையும் என்று 2021இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் நிறுவனத்தின் பதிவு அலுவலகத்திலோ அதே ஊரிலோ நடக்கவேண்டும். 2020 மே மாதம் அதைக் காணொலியில் நடத்த அரசு இசைந்தது, பிறகு அந்த அனுமதி பலமுறை நீட்டிக்கப்பட்டது. பத்துப் பங்கு வைத்திருப்பவர் மும்பைக்கு ரயிலேறாமலே கலந்துகொள்ள முடிவது நன்மைதான். ஆனால் அவையில் எழுந்து நின்று கேட்பவரை எல்லோரும் காண்பார்கள். திரையிலோ ஒலிவாங்கியின் விசை நிர்வாகத்தின் கையில்!

ஆகவே அளவுகோல் ஒன்றே போதும். சேதி சொல்லவா, அறிக்கை படிக்கவா, கணக்குக் காட்டவா? திரை போதும், செலவும் மிச்சம். பேரம் பேசவா, புதுவழி தேடவா, ஒருவன் பிழைப்பை முடிவு செய்யவா? நேரிலே வா, எதிரிலே உட்கார்!

நாளை ஊதியப் பேச்சுவார்த்தைக்கு "காணொலியில் வைத்துக்கொள்ளலாமே" என்று நிர்வாகம் நயமாகக் கூறலாம். அப்போது தோழர்கள் ஒன்று கேட்க வேண்டும்: "ஐயா, உங்கள் ஒப்பந்தங்களை நீங்கள் எங்கே அமர்ந்து பேசினீர்கள்? அதே மாதிரி ஒரு மேசை எங்களுக்கும் வேண்டும்!"