சிங்கம் பார்க்கப் போங்கள், அதைச் சேவை என்று சொல்லாதீர்கள்



வழக்கம்போல நீளமான பதிவுதான். பொறுமை இல்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பரீட்சைக்கு வராது.

இந்த ஒரு மாதத்தில் என் பழைய மாணவர்கள் மூன்று பேர் ஒரே நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்பி, "டீச்சர், என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டார்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன். நான்காவதாக என் நாத்தனார் மகளும் அனுப்பியபோதுதான் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நம் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்று (பெயர் வேண்டாம், இந்த வருடம் அவர்கள், அடுத்த வருடம் எல்லோரும்) ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பிள்ளைகளை மே மாத லீவில் கென்யாவுக்கு அழைத்துப் போகிறதாம். தலைப்பு: 'கல்விசார் வனவிலங்கு சபாரி மற்றும் சமூக சேவைப் பயணம்'. ஒன்பது நாள். தலைக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல். பயண அனுமதி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி எல்லாம் தனி. முதல் தவணையை இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். முடிவில் 'சமூக சேவை' செய்ததற்குச் சான்றிதழ் உண்டு, வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

நிகழ்ச்சி நிரலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். ஒன்பது நாளில் சமூக சேவை ஒரே ஒரு பகல். ஒரு கிராமப் பள்ளிக்குச் சுவரில் வண்ணம் பூசுவது, நோட்டுப் புத்தகம் கொடுப்பது, அந்தப் பிள்ளைகளோடு 'கலாசாரப் பரிமாற்றம்', அதாவது அவர்கள் பாடுவார்கள், இவர்கள் வீடியோ எடுப்பார்கள். அடுத்த நாள் காலை ஷாப்பிங்.

முப்பத்துநான்கு வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் நான். மாசாய் மாராவுக்குப் பிள்ளைகள் போவதில் எனக்கு என்ன வருத்தம் இருக்க முடியும்? வசதி உள்ளவர்கள் தாராளமாகப் போங்கள். ஆனால் நோட்டீஸில் இருக்கும் அந்தப் படம், வில்டபீஸ்ட் கூட்டம் கூட்டமாக ஆற்றைக் கடப்பது, அது மாராவில் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை நடப்பது. மே மாதம் அங்கே மழைக்காலத்தின் கடைசிப் பகுதி. கல்விசார் பயணம் என்றால் இந்தச் சின்ன விஷயத்தைப் பெற்றோரிடம் சொல்லியிருக்க வேண்டாமா? இன்னொன்று, மே மாதம் நமக்குத்தான் லீவு. அங்கே இரண்டாம் பருவம் நடந்துகொண்டிருக்கும். நம் பிள்ளைகள் சேவை செய்வதற்காக அந்தப் பிள்ளைகள் ஒரு நாள் பாடத்தை விட வேண்டும். சேவை செய்வது யார், செய்யப்படுவது யார்?

திருப்பிப் போட்டுப் பாருங்கள். வேறு நாட்டிலிருந்து நாற்பது பிள்ளைகள் ஒரு பஸ்ஸில் நம் தாம்பரம் மாநகராட்சிப் பள்ளிக்கு வந்து இறங்குகிறார்கள். நம் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைத்து, கன்னத்தைக் கிள்ளி, போட்டோ எடுத்து, ஒரு சுவருக்குப் பச்சை பூசிவிட்டு மாலையில் மகாபலிபுரம் பார்க்கப் போகிறார்கள். நமக்கு எப்படி இருக்கும்? கற்பனையும் தேவையில்லை. பெரிய கம்பெனிகளின் ஆட்கள் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து செய்துவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியில் ஒரே வருடத்தில் ஒரே சுற்றுச்சுவருக்கு மூன்று தடவை வண்ணம் பூசினார்கள். மூன்றாவது குழு வந்தபோது யானை படத்துக்கு மேலேயே மயிலை வரைந்துவிட்டுப் போனது. அந்த வருடம் முழுக்கப் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதை யாரும் கேட்கவில்லை. தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க முடியாது அல்லவா.

கென்யாவில் வண்ணம் பூசும் தொழிலாளிகள் இல்லையா? நம் பிள்ளைகளின் விமான டிக்கெட் ஒன்றின் விலையில் அந்த ஊர்க்காரர் ஒருவருக்குப் பல நாள் கூலி கொடுத்து அந்தப் பள்ளி முழுவதற்கும் ஒழுங்காக வண்ணம் பூசலாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க மட்டையைத் தொட்டிருக்கிறார்கள்?

இது இன்றைக்கு நேற்று வந்த கேள்வி இல்லை. 1968-இல் மெக்சிகோவுக்குச் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்கள் கூடியிருந்த இடத்தில், இவான் இல்லிச் என்ற பாதிரியார் எழுந்து அவர்கள் முகத்துக்கு நேரேயே திட்டினார். பார்க்க வாருங்கள், மலை ஏற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். மொழி தெரியாமல் வந்து, நீங்கள் யாருக்கு உதவுவதாக நினைக்கிறீர்களோ அவர்களோடு பேசக்கூட முடியாமல் திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்டார். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது அமெரிக்கர்கள் செய்ததை இப்போது நாம் காசு கொடுத்துச் செய்யப் புறப்படுகிறோம். ஒரு வகையில் முன்னேற்றம்தான்!

இதைவிட மோசமானதும் உண்டு. நேபாளத்திலும் கம்போடியாவிலும் வெளிநாட்டு இளைஞர்கள் 'சேவை' செய்ய வருகிறார்கள் என்பதாலேயே அனாதை இல்லங்கள் பெருகின. அங்கே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள், அவ்வளவுதான். இந்த நோட்டீஸ்காரர்கள் அப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கே யாருடைய ஏழ்மை பயண நிரலில் ஒரு ஐட்டமாக ஆகிறதோ, அங்கே அந்த ஏழ்மை தீராமல் இருப்பதில் யாருக்கோ லாபம் இருக்கிறது.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நோட்டீஸ் அனுப்பிய மூவரில் ஒருவன் கேம்ப் ரோடு பக்கம் சின்னதாக ஜெராக்ஸ், பிரிண்டிங் கடை வைத்திருக்கிறான். மனைவியின் நகையை வைத்து முதல் தவணை கட்டலாமா என்று யோசிக்கிறான். "பொண்ணு வகுப்புல பாதிப் பேர் போறாங்க டீச்சர். போகாதவங்க பேரை மட்டும் தனியா எழுதிக் கொடுக்கச் சொன்னாங்களாம்." இதைப் படித்ததிலிருந்துதான் எனக்குக் கோபம். பதினான்கு வயதுப் பெண் குழந்தையை வகுப்பில் எழுந்து நின்று எங்கள் வீட்டில் பணம் இல்லை என்று சொல்ல வைத்துவிட்டு, அந்தப் பயணத்துக்குக் கருணை கற்றுக்கொடுக்கும் பயணம் என்று பெயர் வைக்கிறீர்களே, எந்த நியாயத்தில் சேர்த்தி?

நோட்டீஸின் முகப்பில் இன்னொரு படம். நகுரு ஏரியில் பூநாரைகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பள்ளியின் பஸ் தினமும் தாம்பரம் வேளச்சேரி ரோட்டில் பள்ளிக்கரணையைத் தாண்டித்தான் போகிறது. குளிர் காலம் முடிகிற இந்தச் சமயத்தில் அங்கே பூநாரை நிற்கிறது, கூழைக்கடா நிற்கிறது, நாமக்கோழியும் தாழைக்கோழியும் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை மூடுகிறார்கள். மூட வேண்டியதுதான், பெருங்குடி குப்பைமேடு அப்படி நாறும். ஆனால் அந்த நாற்றத்தில் இருக்கும் பாடம் மாராவில் கிடைக்குமா? ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்த கழுவெளி. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது மிச்சம் 1,247 ஹெக்டேர். மீதி எங்கே போனது? நம்மில் சிலர் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் மனைகளுக்கு அடியில் இருக்கிறது. நம் வீட்டுக் குப்பைக்கு அடியில் இருக்கிறது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கி அங்கேதான் வந்து சேரும். சேர இடம் இல்லாவிட்டால் எங்கே நிற்கும் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிண்டி பாம்புப் பண்ணையை ரோமுலஸ் விட்டேக்கர் முதலில் ஆரம்பித்தது நம் சேலையூரில் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1972-இல்தான் அது கிண்டிக்குப் போனது. பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பு போன இருளர்களைச் சேர்த்து 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வடநெம்மேலியில் இன்றும் இருக்கிறது. அவர்கள் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் ஊரெல்லாம் உயிர் காக்கும் மருந்து தயாராகிறது. 2017-இல் மலைப்பாம்பு பிடிக்கத் தெரியாமல் திண்டாடிய அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மாசி சடையனும் வடிவேல் கோபாலும் போய்ப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. ஃபுளோரிடாக்காரன் கூப்பிடுகிறான், டெல்லி கூப்பிடுகிறது. ஈசிஆரில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம், நம் பள்ளிகள் கூப்பிடுவதில்லை. பழங்குடிகளைப் பார்க்க நைரோபிக்கு டிக்கெட் போடுகிறோம்.

"டீச்சர், சேவை வேண்டாம்கறீங்களா?" என்று யாராவது கேட்பீர்கள். நியூ ஜெர்ஸியில் இருக்கும் என் அக்கா மகன் கட்டாயம் கேட்பான், அவன் பிள்ளைகளுக்கு அங்கே வருடத்துக்கு இத்தனை மணி நேரம் சேவை என்று கணக்கு உண்டு. செய்யட்டும். ஒரே இடத்துக்கு, வாரா வாரம் போகட்டும். சேவைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். யாருக்குச் செய்கிறோமோ அவர்கள் நம்மைத் திட்ட முடிய வேண்டும்.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது நம் பிளஸ் ஒன் பையன்கள் பதினைந்து பேர் பத்து நாள் சேறு அள்ளினார்கள். ஒரு பாட்டி வீட்டில் ஊறிப்போன மெத்தையோடு சேர்த்து அவர் கல்யாணத்துக்கு வந்த மரப்பெட்டியையும் குப்பையில் போட்டுவிட்டார்கள். பாட்டி தெருவே அதிரத் திட்டினார். பையன்கள் போய்ப் பெட்டியைத் தேடி எடுத்து, கழுவி, வெயிலில் காய வைத்துக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் கேட்காமல் ஒரு பொருளைத் தூக்கியதில்லை. அதுதான் படிப்பு. மாராவில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைத் திட்ட முடியுமா? அடுத்த வாரம் வந்து, நீ பூசிய சுவர் உரிந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

1988-இல் சென்னையில் மாணவர்கள் சேர்ந்து கடலாமை பாதுகாக்க ஓர் அமைப்பு தொடங்கினார்கள். இன்றும் ஜனவரி தொடங்கினால் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் மணலில் நடக்கிறார்கள். பங்குனி ஆமை முட்டையிட்ட குழியைத் தேடி, முட்டைகளைப் பத்திரமான இடத்துக்கு மாற்றி, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். பல இரவுகள் ஒரு குழிகூடக் கிடைக்காது, கால்வலிதான் மிச்சம். சில இரவுகளில் செத்து ஒதுங்கிய ஆமைகள்தான் கிடைக்கும். போன வருடம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. பணம் வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம். வேடந்தாங்கல்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். 1798 வாக்கிலேயே பறவைகளைச் சுடக்கூடாது என்று கலெக்டரிடம் எழுதி வாங்கியவர்கள், பறவைகள் மிரளும் என்று இன்றும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்களுக்கு யார் சான்றிதழ் கொடுத்தது?

"வெளிநாடு போனா தன்னம்பிக்கை வரும் டீச்சர்" என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரும். ஆனால் அது சுற்றுலா. சுற்றுலா என்று சொல்லி, முடிந்தவர்கள் போகட்டும், முடியாதவர்கள் பெயரைப் பட்டியல் போடாதீர்கள். பெற்றோராகப் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்: அந்தக் கிராமத்தில் யார் உங்களை வரச் சொன்னது? சுவருக்கு வண்ணம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்களா? மூன்றரை லட்சத்தில் அந்தப் பள்ளிக்குப் போகும் தொகை எவ்வளவு, எழுத்தில் தருவீர்களா? ஏஜென்சி எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர்களை இலவசமாக அழைத்துப் போகிறது? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது முகத்தைக் கவனியுங்கள்.

கடைக்காரத் தம்பி, இது உனக்கு. நகையை வைக்காதே. மகளிடம் நான் பேசுகிறேன். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கரணை ரேடியல் ரோடு ஓரம் சுற்றுச்சூழல் பூங்கா வாசலுக்கு வந்துவிடு. வேறு யார் வந்தாலும் சரி. தொப்பி, தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு. பைனாகுலர் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், அதற்குள் முடித்துவிட்டு மேடவாக்கத்தில் டிபன் சாப்பிடலாம். வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.