ஐப்பசி வரை காத்திருக்குமா காய்ச்சல்?

நிலவேம்புக் குடிநீர் வழங்குவதை இந்த ஆண்டும் வடகிழக்குப் பருவமழையோடுதான் தொடங்குவது என்று அரசுத் தரப்பில் முடிவு செய்துவிட்டார்கள். வழக்கம்போல் போடிநாயக்கனூர் நகருக்குள். வழக்கம்போல் காலை பத்து மணிக்கு மேல். வழக்கம்போல் பதாகை கட்டி, மேசைமேல் அண்டாவை ஏற்றி. சென்னைக்கு வேண்டுமானால் இந்த ஏற்பாடு பொருந்தலாம். போடிக்கு எந்த வகையில் பொருந்தும்?

போடி மக்களுக்கு மழைக்காலம் ஐப்பசியில் பிறப்பதில்லை. ஊரில் வெறும் காற்றும் சாரலுமாக இருக்கும் ஆனி, ஆடியிலேயே போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. ஏலத்தோட்டங்களில் காயெடுப்பு தொடங்குவதும் அந்த மழையில்தான். தூக்குவாளியோடு விடியுமுன் ட்ரிப் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போகிற பெண்கள், பிளாஸ்டிக் தாளைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, செடியின் தூரில் குனிந்தபடி நாள் முழுக்க நனைகிறார்கள். திரும்பும்போது சளியும் இருமலும் காய்ச்சலும் அவர்களோடு சேர்ந்தே மலையிறங்குகின்றன. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வேறு. அதற்கு மருதாணியையும் மஞ்சளையும் அரைத்து அவர்களே பூசிக்கொள்கிறார்கள். இருமலுக்குத் தூதுவளை ரசம், மூக்கடைப்புக்கு நொச்சி ஆவி, உடம்பு வலிக்குச் சுக்குக் கஷாயம் என்று வீட்டிலேயே சமாளிக்கிறார்கள். அரசிடமிருந்து வரவேண்டியது நிலவேம்பு ஒன்றுதான். அது வந்து சேர்வதற்குள் மலையில் பெருமழையே ஓய்ந்துவிடுகிறது. வந்த பிறகும் என்ன? அண்டாவின் மூடி திறக்கும்போது ஜீப்புகள் தோட்டத்தை எட்டி வெகுநேரம் ஆகியிருக்கும்.

கொடுக்கிற விதமாவது உருப்படியாக இருக்கிறதா? நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், கோரைக்கிழங்கு, பேய்ப்புடல், பற்படாகம், சுக்கு, மிளகு என 9 சரக்குகளைச் சம அளவில் சேர்த்த பொடி அது. தண்ணீரில் கொதிக்கவிட்டு, நன்றாகச் சுண்டவைத்து, மூன்று நான்கு மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும் என்கிறார்கள் சித்த மருத்துவர்கள். முகாம்களிலோ காலையில் காய்ச்சியது மாலைவரை கிடக்கிறது. கூட்டம் கூடக் கூடக் கஷாயமும் நீர்த்துக்கொண்டே போகிறது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கைக்குப் பதாகையில் இடமில்லை. படங்களுக்கே இடம் போதவில்லை.

நிலவேம்பு குடித்தால் டெங்கு ஓடிவிடும் என்று யாரும் ஏமாற வேண்டாம். டெங்குவில் காய்ச்சல் தணியும் நாள்களில்தான் ஆபத்து அதிகம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தக்கசிவு என்று எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். புண் வழியே புகும் எலிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக்தான் மருந்து. இதையெல்லாம் ஜீப்பில் ஏறும் பெண்களிடம் ஆனி மாதத்திலேயே எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

கேட்டால், அவர்கள் வேலை பார்ப்பது கேரளத்தில் என்கிறார்கள். நனைவது கேரளத்தில்தான், போர்த்திக்கொண்டு படுப்பது போடியில். ஓட்டுப் போடுவதும் போடியில்தான்.

இவர்களுடைய முடிவுகளின் லட்சணம் நமக்குப் புதிதல்ல. 2017இல் தமிழகமே டெங்குவில் தவித்தபோது நோயின் பெயரைச் சொல்லத் தயங்கி, ‘மர்மக் காய்ச்சல்’ என்றே நாளைக் கடத்தினார்கள். ஆய்வு முடிவு வரும்வரை நிலவேம்பு விநியோகிக்க வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் தம் இயக்கத்தாரிடம் சொன்னதும், மேடைக்கு மேடை அவருக்குப் பதில் சொல்ல நேரம் கிடைத்தது. மலையடிவாரத்துக்கு வரத்தான் கிடைக்கவில்லை. கொரோனா பரவியபோது, 2020 மார்ச்சில் எல்லைச் சாலைகளை அடைத்தார்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் எப்படி வீடு திரும்புவார்கள் என்று யோசிக்கவில்லை. காட்டுவழியே இராசிங்காபுரம் பக்கம் இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். குழந்தை உட்பட உயிர்கள் போயின. அதே ஆண்டு கபசுரக் குடிநீரைத் தெருத்தெருவாக ஊற்றிப் படமெடுத்துக்கொண்டார்கள். அகமலைப் பக்கத்து மலைக்கிராமங்களில் இன்றும் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருகிறார்கள். ரோடு வருகிறது, வருகிறது என்று கேட்டே ஒரு தலைமுறை கிழமாகிவிட்டது.

மலையைத் தெரிந்தவர்களையும் சித்த மருத்துவர்களையும் கலந்துகொண்டு, காலத்தோடு செய்யவேண்டியதைச் செய்யட்டும். விடிகாலையில் ஒருநாள் ஜீப் நிற்குமிடத்துக்கு வந்து பார்த்துவிட்டாவது இந்த முடிவைத் திருத்தட்டும். அதற்கும் மனமில்லை என்றால், ‘மழைக்கால நோய்த்தடுப்பு’ என்று இதற்குப் பெயர் சூட்டுவதையாவது நிறுத்திக்கொள்ளட்டும்.