ஆராய்ச்சி மணி

நெய்வேலி நடராஜர் கோயிலில் ஓர் ஆராய்ச்சி மணி உண்டு. குறையைத் தாளில் எழுதி, மனுநீதி முறைப்பெட்டியில் போட்டுவிட்டு மணியை அடித்தால், மனு நேரே நடராஜர் சந்நிதிக்குப் போய்விடும். நடுவில் ஹெட் கிளார்க் கிடையாது.

டவுன்ஷிப்பில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே அழைத்துப் போனான் அக்கா பையன். சென்னையில் ஒரு கம்பெனியில் அவனுக்கு நைட் ஷிஃப்ட்.

"நான் பாக்கற உத்தியோகமே இதுதான் மாமா. என்ன, எனக்கு ராத்திரி பூரா மணி அடிக்கும்!"

விஷயம் இதுதான். உங்கள் ஆபீஸ் மூலையில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ரூட்டர், ஸ்விட்ச் என்று சில பெட்டிகள் இருக்கின்றனவே, அவற்றுக்கும் வாய் உண்டு. ஒயர் பிடுங்கிக்கொண்டாலோ, உள்ளே ஃபேன் நின்று சூடேறினாலோ, தலைமையிடத்துக்குத் தகவல் பறக்கும். அதன் பெயர் எஸ்.என்.எம்.பி. ட்ராப். போய்ச் சேரும் வாசல், போர்ட் நம்பர் 162. சிஸ்லாக் என்று இன்னொரு தினுசு. அதில் 0 முதல் 7 வரை மார்க் உண்டு. 7 வெறும் அரட்டை. பூஜ்யம் வாங்கினால்தான் ஆபத்து!

மனுநீதிச் சோழன் பாடு சௌகரியம். ஒரே மணி, ஒரே பசு, ஒரே வழக்கு. திருவாரூர் மாடுகள் அத்தனையும் விடிய விடிய மணியை இழுத்திருந்தால்? ராஜா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கியிருப்பார். ஒரு ஸ்விட்ச் படுத்துக்கொண்டால், அதன் பின்னால் உள்ள நாற்பது கருவிகளுக்கும் 'ஆளைக் காணோம்' என்று தனித்தனியாக மனு விழும். நிஜ வழக்கு நாற்பத்தோராவது மனுவில் இருக்கும்.

இதைச் சலித்துக் கொடுக்கத்தான் ஈவென்ட் மேனேஜ்மென்ட். ஒரே புகார் நூறு தடவை வந்தால் ஒரே கட்டாகக் கட்டும். நாற்பதுக்கும் மூலகாரணம் இந்த ஸ்விட்ச்தான் என்று முடிச்சுப் போடும். யார் சரிசெய்ய வேண்டுமோ அவர் பெயருக்கு டிக்கெட் எழுதும்.

"அப்புறம் என்ன மாப்ளே, நிம்மதிதானே?"

"ஒரு ராத்திரி ரொம்ப நிம்மதியா இருந்துச்சு மாமா. ஒரு அலர்ட் கூட இல்ல. பாட்டு கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். காலைலதான் தெரிஞ்சுது, மனு வாங்கற சர்வரே மல்லாந்துடுச்சுன்னு. ரெண்டு பிராஞ்ச் ராத்திரி பூரா செத்துக் கிடந்திருக்கு!"

ட்ராப் என்பது போஸ்ட் கார்டு மாதிரி. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவனுக்குத் தெரியாது.

சிரிக்காதீர்கள். 2003 ஆகஸ்ட் 14-ம் தேதி அமெரிக்காவில், ஒஹையோ மாநில மின் கம்பெனி ஒன்றின் கன்ட்ரோல் ரூமில் அலாரம் சாஃப்ட்வேர் சத்தமில்லாமல் செத்துப்போனது. ஒரு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. 'அலாரம் இல்லை, எல்லாம் க்ஷேமம்' என்று உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஒயர்கள் மரத்தில் உரசி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அன்று சாயங்காலம் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடி பேர் இருட்டில்.

சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயரான அத்தான், ஈஸிசேரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இங்க பழுப்பு நிலக்கரிக்கு அடியில தண்ணி பயங்கர அழுத்தத்தோட நிக்குது. ராப்பகலா பம்ப் வெச்சு இறைச்சாத்தான் மேல வெட்ட முடியும். பம்ப் ஓடற சத்தத்தை நாங்க யாரும் காதுலயே வாங்க மாட்டோம். நின்னா மட்டும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு ஓடுவோம்."

பையன் இப்போது அப்பா வழிக்கு வந்துவிட்டான். மனு வாங்கும் சர்வர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். அட்டெண்டன்ஸ் எடுப்பது தனியாக இன்னொரு மெஷின். பதில் வராவிட்டால் அது ஊரைக் கூட்டும்.

ஆகவே வாசகர்களே, ஆபீஸில் ஒரு நாள் புகாரே வரவில்லையென்றால் உடனே காலை நீட்டி உட்கார்ந்துவிடாதீர்கள். எழுந்து போய், மணிக்கு நாக்கு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.