வடிகாலும் வாசலும்

ஐப்பசி பிறந்து, முதல் மழை இரண்டு மணி நேரம் விடாமல் பெய்துவிட்டால் போதும். கட்சியாலும் ஜாதியாலும் வருமானத்தாலும் பிரிந்து கிடக்கும் சென்னை மாநகரத்து ஜனங்கள் அனைவரும் அன்றைக்கு ஒரே அபிப்பிராயத்துக்கு வந்துவிடுகிறார்கள். வடிகாலைத் தூர் வாராமல் மாநகராட்சி தூங்கிவிட்டது என்பதே அந்த அபிப்பிராயம். அதில் நியாயம் இல்லையென்று நான் வாதாட வரவில்லை. கோடையில் தோண்டியெடுத்த வண்டலை வடிகாலின் ஓரத்திலேயே மேடாகக் குவித்து, காய்ந்த பிறகு அள்ளிக்கொள்ளலாம் என்று விட்டுப்போய், முதல் மழையில் அத்தனையும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிச் சேரும்படி செய்கிற ஒப்பந்தக்காரர்களை நாம் பார்த்துத்தான் இருக்கிறோம். 1688-ஆம் ஆண்டில் தோன்றிய, இந்தியாவிலேயே மிகப் பழமையான நகரசபைக்கு இது கௌரவம் தருகிற காரியமன்று. ஆயினும், மழை இல்லாத மாதங்களில் அந்த வடிகாலுக்கு நாம் என்ன உபசாரம் செய்து வருகிறோம் என்பதும் விசாரணைக்குரிய விஷயந்தான்.

தண்ணீர் தானாக வடிந்து போவதற்கு இந்நகரத்தின் பூமி அமைப்பு அனுகூலமானதன்று. கடல் மட்டத்துக்கு மேல் சராசரியாக ஏழு மீட்டர் உயரத்தில் தட்டையாகக் கிடக்கும் ஊர் இது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். அந்த மழையை வாங்கி வைத்துக்கொள்ள இருந்த ஏரிகளையோ நாம் விட்டுவைக்கவில்லை. 1920-களில் நீண்ட ஏரியை வற்ற அடித்து அதன்மேல் தியாகராய நகரை எழுப்பினோம். ஏரி போய் ஒரு நூற்றாண்டு ஆகியும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் நிற்கிறது. 2021 நவம்பரில் தியாகராய நகரின் வீதிகளில் தண்ணீர் நின்றபோது எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். தன் பழைய இடத்தைத் தேடி வந்த தண்ணீரைக் கண்டு ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அதன் பிறகு ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசாங்கம் ஒரு குழுவை நியமித்ததும், பெரும் பொருட்செலவில் தெருத்தெருவாகப் புதிய வடிகால்கள் கட்டப்பட்டதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து நகரத்தை மறுபடியும் மூழ்கடித்ததும் வாசகர்கள் அறிந்தவையே. புயலின் உக்கிரத்துக்கு எந்த வடிகாலும் ஈடுகொடுக்காது என்பது மெய். ஆனால் முழங்கால் அளவு தண்ணீர் தேங்குவதற்கு இப்போதெல்லாம் புயல் வேண்டியிருக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு நம் தெருவில் நடக்கிற காரியம் ஒன்றைச் சற்று உற்றுக் கவனித்தால் காரணம் புலப்படும். வாசல் பெருக்கப்படுகிறது. அந்தச் சிரத்தையைப் பற்றிக் குறை சொல்வதற்கு எதுவுமில்லை. பெருக்கி, தண்ணீர் தெளித்து, மாக்கோலமும் போட்டான பிறகு, அந்த வாசலில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தோன்றும். ஆனால் கோலத்துக்கு முன்னால் ஒரு சிறு குவியல் சேர்ந்திருந்ததே, வேப்பஞ்சருகும், மண்ணும், தலைமுடிச் சுருளும், பால் பாக்கெட்டிலிருந்து கத்தரித்த மூலைத்துண்டும் கலந்த அந்தக் குவியல் எங்கே போயிற்று? தெரு ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில் மழைநீர் இறங்குவதற்காக விட்டிருக்கும் ஒரு சாண் அகலத் துவாரத்துக்குள், விளக்குமாற்றின் ஒரே வீச்சில், சருகு ஒன்றுகூட வெளியே சிந்தாமல் போயிற்று. குப்பை வண்டி மணியடித்துக்கொண்டு வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதுவரை அதை யார் காப்பது என்ற எண்ணந்தான் இதற்கு மூலம். ஒரு வீட்டில் ஒரு கைப்பிடி அளவே சேருகிறது; தெருவில் உள்ள எல்லா வீடுகளுக்கும், ஆண்டின் எல்லா நாட்களுக்கும் அதைப் பெருக்கிப் பார்க்க வாசகர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீடு கட்டுகிறவர்கள் செய்கிற கைங்கரியம் இதனினும் பெரிது. ஜல்லியும் மணலும் தெருவில் கொட்டப்படுகின்றன. சாயங்காலம் வேலை முடிந்ததும் மிச்சமான சிமெண்டுப் பால் அதே துவாரத்தில் கழுவி விடப்படுகிறது. அது உள்ளே போய்க் கல்லாக இறுகிய பிறகு, எந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தும் சுலபத்தில் பெயர்க்க முடிவதில்லை. கட்டி முடித்துக் கிரகப்பிரவேசமும் ஆன பிற்பாடு, கார் ஏறுவதற்கென்று வாசலிலிருந்து தெருவின் மேலேயே ஒரு சாய்தளம் போடப்படுகிறது. நடைபாதை போயிற்று, துவாரமும் அடைபட்டது. மழைநீர் எந்த வழியாக இறங்க வேண்டுமென்று வீட்டுக்காரரைக் கேட்டால், மாநகராட்சியைக் கேளுங்கள் என்கிறார்.

இவையெல்லாவற்றையும்விட மனத்தை வருத்துவது, வீட்டுக் கழிவுநீர்க் குழாயை இரவோடு இரவாக மழைநீர் வடிகாலில் சொருகிவிடும் வழக்கம். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் உடைமை; கழிவுநீர்க் குழாய் 1978-இல் ஏற்பட்ட குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே பல புகார்கள் பந்தாடப்படுவது உண்டு. 2011-இல் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகர் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது வந்து சேர்ந்த புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் அப்போது பாதாளச் சாக்கடையே கிடையாது; தொட்டி நிரம்பும்போதெல்லாம் லாரிக்குப் பணம் கொடுத்துச் சலித்துப்போன ஏழைக் குடும்பத்தை நான் கடிந்து பேசமாட்டேன், அங்கே முதற் குற்றவாளி அரசாங்கமே. ஆனால் வாசலில் வாரியத்தின் குழாய் ஓடிக்கொண்டிருக்க, இணைப்புக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காக மாடி மேல் மாடி கட்டியவர்கள் செய்கிற இதே காரியத்துக்கு என்ன சமாதானம் உண்டு? காகிதத்தில் அது மழைநீர் வடிகால். ஆகையால் அதைத் தூர் வார ஒரு மனிதனை இறக்குவதில் தவறிருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை. சாக்கடைக்குள் தக்க பாதுகாப்பின்றி மனிதனை இறக்கக்கூடாதென்று 2013-இல் பாராளுமன்றம் சட்டம் செய்திருக்கிறது. நாமோ வடிகாலையே சாக்கடையாக்கிவிட்டு, வெறுங்காலோடு அதில் ஒருவன் நிற்பதைப் பார்த்தபடி மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறோம்.

வரி கட்டுகிறோமே என்பது நண்பர்கள் பலர் சொல்லும் பதில். கட்டுகிறோம்; 2022-இல் சொத்துவரி உயர்ந்தபோது எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் அந்த வரி சுத்தம் செய்வதற்கான கூலியே ஒழிய, அடைப்பதற்கான அனுமதிச் சீட்டாகாது. சொந்த வீட்டின் கழிவுநீர்த் தொட்டியில் செங்கல்லைப் போட்டுவிட்டுக் கொத்தனாருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறேனே என்று வாதாடுகிற மனிதர் எவரையும் நான் கண்டதில்லை. வீட்டுக்குள் இருக்கும் விவேகம் வாசற்படியைத் தாண்டியதும் எங்கே போய்விடுகிறது என்பதுதான் விளங்கவில்லை.

புரட்டாசி முடிவதற்குள் வாசகர்கள் ஒரு நாள் தம் வீட்டு வாசலில் இறங்கி, அந்த ஒரு சாண் துவாரம் திறந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டுகிறேன். சாய்தளம் அதை மூடியிருந்தால் வெட்டிவிடுங்கள். குழாய் வடிகாலில் சேர்ந்திருந்தால் வாரியத்தின் அலுவலகத்தில் இணைப்புக்கு மனுக் கொடுங்கள். பெருக்கிய குப்பையை வண்டி வரும்வரை ஒரு வாளியில் வைத்திருங்கள். வார்டுகளில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது காலி நாற்காலிகளுக்கு நடுவே கவுன்சிலரைத் தனியே விடாமல் போய் உட்கார்ந்து, தோண்டிய வண்டலை எந்தத் தேதியில் லாரியில் ஏற்றினீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்து வராதீர்கள்.