"சேவ் பண்ணலியா?" என்று கேட்பவர்களுக்கு

வீடியோ எடிட் பண்ணிக்கொண்டிருக்கும்போது கம்பியூட்டர் பொசுக்கென்று நின்றுபோனால், பக்கத்தில் இருப்பவர் வாயிலிருந்து முதலில் வருவது இந்தக் கேள்விதான்: "சேவ் பண்ணலியா?" கோயில் கமிட்டித் தலைவர் கேட்பார். திட்டம் நடத்துகிற நிறுவனத்து ஒருங்கிணைப்பாளர் கேட்பார். வாழ்க்கையில் ஒரு கிளிப்பைக்கூட வெட்டி ஒட்டிப் பார்க்காத மச்சானும் கேட்பான். கேட்க சாதாரணமாத்தான் இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள ஒரு தீர்ப்பு இருக்கு: உனக்குக் கவனம் பத்தாது, போனது உன்னாலதான். இந்தத் தீர்ப்பை நாங்கள் ஏற்பதாக இல்லை.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் எடிட்டிங் எங்கே நடக்கிறது என்று முதலில் வந்து பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பிராவில், தகரக் கூரைக்குக் கீழே, அடுப்புப் புகை எட்டுகிற தூரத்தில் ஒரு மேசை. மேசைமேல் இருப்பது பெரும்பாலும் ஏதோவொரு கொழும்பு அலுவலகம் கழித்துவிட்ட டெஸ்க்டொப். இல்லாவிட்டால் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்கிற அம்மாவோ சித்தியோ அனுப்பின காசில் எடுத்த பழைய லெப்டொப். மஞ்சள் நீராட்டு, கல்யாணம், தேர், பாலர் பாடசாலைக் கலைவிழா எல்லாம் அதில்தான் ஓடுகிறது. மாசியில் விடியவிடிய நடக்கிற காமன் கூத்தும், வயசாளிகள் சொல்லும் பழைய கதைகளும் அதே மெஷினில்தான்.

ஒரு விஷயம் சொல்ல வேணும். மெஷின் நிற்பதெல்லாம் ஒரே மாதிரி நிற்பது இல்லை. அதைப் பிரித்துப் பார்க்காததால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி வருகிறது. எடிட்டிங் மென்பொருள் மட்டும் மூடிக்கொண்டால் ஒரு கோளாறான கிளிப், ஒரு எபெக்ட், கிராபிக்ஸ் டிரைவர், நிரம்பிப்போன ரேம் இவற்றில் ஏதோ ஒன்று. நீலத் திரை வந்தால் டிரைவரோ ரேமோ டிஸ்க்கோ. திரையிலேயே ஒரு குறியீடு எழுதியிருக்கும், அணைவதற்குள் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் தேடுவதற்கு ஒரு முனை கிடைக்கும். ஒன்றையும் காட்டாமல், யாரோ வயரைப் பிடுங்கின மாதிரி அணைந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டை, பவர் சப்ளையை, கரண்ட்டை. அப்படி அணைந்தபிறகு விண்டோஸின் இவென்ட் வியூவரைத் திறந்தால் "கெர்னல் பவர் 41" என்று ஒரு பதிவு இருக்கும். டவுண் கடைக்காரர் சிலர் அதைக் காட்டி "இதுதான் பிரச்சினை, போர்ட் மாத்தணும் தம்பி" என்பார்கள். அந்தப் பதிவு சொல்வது ஒன்றே ஒன்று: முறையாக மூடாமல் மெஷின் அணைந்திருக்கிறது. ஏன் என்று அது சொல்லவில்லை. அதை நம்பிப் போர்டுக்குக் காசு கட்டாதீர்கள்.

ஏன் எப்போதும் எக்ஸ்போர்ட் பண்ணும்போதே நிற்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சாபமெல்லாம் இல்லை. முகநூல் பார்க்கும்போது மெஷினுக்கு வேலையே கிடையாது. எக்ஸ்போர்ட்டில் பிராசெசர் ஒரு மணித்தியாலம் முழு மூச்சில் ஓடுகிறது. காற்றாடியில் தூசி அடைத்திருந்தால், பேஸ்ட் காய்ந்திருந்தால், சூடு 100 பாகைப் பக்கம் போகிறது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானே அணைகிறது. பழைய பவர் சப்ளையும் அந்த நேரத்தில்தான் கையை விரிக்கும். கடையில் பத்து நிமிஷம் சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒன்னும் இல்லியே" என்றால், ஒரு எக்ஸ்போர்ட்டைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தூசி தட்டுவதற்கும் பேஸ்ட் மாற்றுவதற்கும் ஆகிற செலவு புது மெஷினுக்குப் பக்கத்தில்கூட வராது.

இனிக் கரண்ட்டுக்கு வருவோம். 230 வோல்ட் வரவேண்டிய வயரில், டிரான்ஸ்போமருக்குத் தூரமான லயத்தில், பொழுதுபட்டு எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரும் ஐயனும் டிவியும் போட்ட பிறகு எவ்வளவு வருகிறது என்று பார்க்க மீட்டர் தேவையில்லை, பல்பைப் பார்த்தால் போதும். பல்ப் மங்கும். கம்பியூட்டருக்கு மங்கத் தெரியாது, அது அணையும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பட்டு முழு நாடும் அணைந்துபோனது என்று அமைச்சரே சொன்னார். அன்றைக்கு நாட்டைப் பார்த்து யாரும் "சேவ் பண்ணலியா" என்று கேட்கவில்லை. லயத்துப் பிள்ளையின் கம்பியூட்டர் அணைந்தால் மட்டும் கேட்கிறீர்கள்.

இதோடு இடி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் மின்னல் எச்சரிக்கை வரும், அதில் சப்ரகமுவ மாகாணத்தின் பேர் இல்லாத நாள் குறைவு. எர்த் சரியில்லாத லயத்தில் மின்னல் கரண்ட் வயரில் மட்டும் வருவதில்லை, டிவி கேபிளிலும் வரும். யூபிஎஸ் இருக்கிறது என்று நம்பி உட்காராதீர்கள், பக்கத்தில் விழுகிற மின்னலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிளக்கைக் கழற்ற வேண்டும், கேபிளையும் கழற்ற வேண்டும். அந்த மாதங்களில் கனமான வேலையை விடியக்காலையில் வைத்துக்கொள்வது நல்லது. வோல்டேஜும் நிதானமாக இருக்கும், தகரமும் சுடாது.

யூபிஎஸ் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. சாதாரணமாக விற்கிற 650 விஏ பெட்டி டெஸ்க்டொப்பைச் சில நிமிஷம்தான் தாங்கும். சேவ் பண்ணி ஒழுங்காக அணைப்பதற்கான நேரம் அது, எக்ஸ்போர்ட்டை முடிப்பதற்கு அல்ல. உள்ளே இருக்கிற பேட்டரி சில வருஷத்தில் செத்துவிடும், பிறகு அது வெறும் மல்டி பிளக். பேட்டரி நல்லா இருக்கிற லெப்டொப்புக்கு யூபிஎஸ்ஸே தேவையில்லை. அதனால், வீங்கின பேட்டரியைக் கழற்றி வீசிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டுகிற தம்பிமார், கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் ரேமுக்கு முன்னால் பேட்டரியை வாங்குங்கள். வீங்கினதைக் கழற்றியது சரி. அந்த இடத்தை வெறுமையாக விட்டதுதான் சிக்கல்.

"அதுக்குத்தான் நல்ல மெஷினா வாங்கணும்" என்கிற அறிவுரைக்காரர்களுக்கு ஒரு கணக்கு. தேயிலை, ரப்பர்த் தோட்ட நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ரூபா ஆனது. டொலர் 2022இல் சில வாரத்துக்குள் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது, கம்பியூட்டர் சாமான் அத்தனையும் டொலரில் வருவது. அம்மா எத்தனை நாள் பேர் போட்டால் ஒரு கிராபிக்ஸ் கார்ட் வரும் என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். யூடியூபில் எடிட்டிங் சொல்லித்தருகிற அண்ணன்மார் பேசுகிற மெஷினும் எங்கள் மெஷினும் ஒரே உலகத்தில் இல்லை. எங்களுக்குத் தேவை, இருக்கிற மெஷினை விழாமல் நடத்துகிற வழி.

அந்த வழி இல்லாமலும் இல்லை. இப்போதைய போன்கள் நிறைய எச்.265 முறையில் படம் பிடிக்கின்றன. இடம் குறைவாக எடுக்கும், ஆனால் பழைய பிராசெசர் அதை விரிக்க மூச்சு வாங்கும். எடுக்கும்போதே போன் செட்டிங்கில் எச்.264க்கு மாற்றலாம். எடுத்தாயிற்று என்றால் பிரொக்ஸி போட்டு வேலை செய்யலாம், அதாவது ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன நகல் ஒன்று செய்து அதில் வெட்டி ஒட்டி, எக்ஸ்போர்ட்டில் மட்டும் அசலுக்குப் போவது. கேடன்லைவ், ஷொட்கட் போன்ற இலவச மென்பொருளிலும் இது இருக்கிறது. கிரெக் பண்ணின பிரிமியரைப் போட்டுக்கொண்டு அது மூடுகிறது என்று புலம்புவதில் அர்த்தம் இல்லை. அப்டேட் வராது, உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றும் தெரியாது. டாவின்சி ரிசோல்வ் இலவசமாகக் கிடைப்பது உண்மைதான், 4 ஜிபி ரேமில் அதை ஏற்றுவது மட்டும் மாட்டுக்குப் பாவம்.

எம்பி4 கோப்பு சம்பந்தமாகவும் ஒன்று. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை பெரும்பாலும் கோப்பின் கடைசியில்தான் எழுதப்படும். 95 வீதத்தில் கரண்ட் போனால் 95 வீத வீடியோ கிடைக்காது, திறக்காத கோப்பு ஒன்றுதான் கிடைக்கும். ஒரு மணித்தியால வீடியோவைப் பத்துப் பத்து நிமிஷத் துண்டாக எக்ஸ்போர்ட் பண்ணிப் பிறகு ஒட்டினால், போவது ஒரு துண்டோடு போகும்.

இப்போது அந்தக் கேள்விக்குத் திரும்பி வருவோம். சேவ் பண்ணினால் எது சேவ் ஆகிறது? புரொஜெக்ட் கோப்பு. அதில் ஒரு வினாடி வீடியோகூடக் கிடையாது. எந்தக் கிளிப்பை எங்கே வெட்டினோம் என்கிற குறிப்பு மட்டும்தான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை தானாக நகல் எடுக்கும்படி வைத்து, அந்த நகலை வேறு டிரைவுக்குப் போகச் செய்தால் அந்தப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. வெட்டு போனால் ஒரு இரவு முழித்துத் திரும்பவும் வெட்டலாம். அசல் வீடியோ இருந்த ஹார்ட் டிஸ்க் போனால்? நூறு தடவை கன்ட்ரோல் எஸ் அமுக்கினவனுக்கும் ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் கேட்க வேண்டியது "ரெண்டாவது கொப்பி எங்க இருக்கு, அந்த டிரைவுக்கு யார் காசு கொடுத்தது?" என்றுதான். அதை ஒருவரும் கேட்பதில்லை, கேட்டால் பதில் தன் பக்கம் திரும்பும் என்று தெரியும்.

4கேயில் ஒரு மணித்தியாலம் எடுத்தால் பத்திலிருந்து இருபது ஜிபி. கையில் இருப்பது ஒரு கார்ட். நாளைக்கு இன்னொரு வேலை. கார்டைத் துடைத்தால்தான் நாளைய வேலை நடக்கும். அந்த நிமிஷத்திலிருந்து ஒரு முழு இரவுக் கூத்து ஒரே ஒரு பழைய டிஸ்க்கில் மட்டும் உயிரோடு இருக்கிறது. எடிட் பண்ணுகிற பிள்ளையின் கவனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஏற்பாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை.

காசு கொட்டிக் கிடக்கிற இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டோய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் ஒரு தப்பான கட்டளையில் அழிந்துபோயின. பேக்கப் எடுத்து வைத்திருந்தார்கள், ஆனால் அது சரியாக வேலை செய்யாததே அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தை காரணமாக வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்பியூட்டரில் ஒரு நகல் இருந்தது, அதை வைத்துத்தான் படம் மீண்டது. இவ்வளவு பெரிய கம்பெனியையே காப்பாற்றியது வேறு ஒரு வீட்டில் இருந்த இரண்டாவது நகல். அதே லயத்தில், அதே பிளக்கில் இருக்கிற இரண்டாவது டிஸ்க் நகல் ஆகாது. மின்னலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்களுக்கு இது ஏன் கோபம் வருகிற விஷயம் என்றால், மலையகம் என்றதும் ஹட்டன், நுவரெலியாவோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிற சப்ரகமுவத் தோட்டங்கள் எங்கள் ஆட்களின் எழுத்திலேயே ஒரு பத்திதான். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கம் தோட்ட மக்கள்மேல் நடந்த தாக்குதலைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்றைக்கு இருபது வயசு என்றால் இன்றைக்கு அறுபதைத் தாண்டியாயிற்று. வன்னிக்குப் போனவர்களின் பேர், 1964 ஒப்பந்தத்தில் பிரிந்துபோன அக்கா தங்கச்சியின் பேர், அவர்களுடைய தாத்தா பாடின கூத்துப் பாட்டு எல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. காகிதத்தில் இருப்பதற்கு நூலகம் நிறுவனம் மாதிரி 2005இலிருந்து உழைக்கிற இடங்கள் உண்டு. வாயில் இருப்பது போனுக்கு வந்து, போனிலிருந்து அந்தப் பழைய டெஸ்க்டொப்புக்கு வருகிறது. அந்தப் பாட்டியிடம் போய் "டிஸ்க் போயிருச்சு பாட்டி, இன்னொருக்கா சொல்லுங்க" என்று கேட்கலாம், அவர் இருந்தால்.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்களே, அந்த நடையில் எத்தனை கெமரா இருந்தது! அந்தக் கார்டெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது, எந்த ஹார்ட் டிஸ்க்கில், யார் வீட்டு அலுமாரியில்? ஏற்பாடு செய்தவர்களைக் குறைசொல்ல இதைக் கேட்கவில்லை. கணக்கெடுக்க இன்னும் நேரம் இருக்கிறது என்பதால் கேட்கிறோம்.

இளைஞர்களுக்கு இரண்டு நாள் மொபைல் வீடியோப் பயிற்சி வைக்கிற நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை. டீசேர்ட் தருகிறீர்கள், சான்றிதழ் தருகிறீர்கள், பெனர் கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறீர்கள். ஒரு டிரைவ் தந்தது உண்டா? எடுத்ததை எங்கே வைப்பது என்று பயிற்சியில் அரை மணித்தியாலம் பேசினது உண்டா? கமிட்டிக்காரருக்கும் சொல்கிறோம்: "தம்பி, காலையில வேணும்" என்பது வேலை கொடுக்கிற முறை இல்லை. இரவெல்லாம் சூட்டில் ஓடுகிற மெஷின் நிற்கும். சவுண்ட் செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கிறது, எடிட்டருக்கு மட்டும் "நம்ம பையன்தானே".

வருகிற மாசியில் கூத்தைப் படம் பிடிக்கச் சொல்லி யார் வந்தாலும் நாங்கள் கேட்கப்போவது இவ்வளவுதான். எடுத்ததை வைக்க இரண்டு டிரைவ், ஒன்று எடிட் பண்ணுகிற வீட்டில், மற்றது வேறு தோட்டத்தில் ஒருவர் வீட்டில். எடிட் முடிக்க இரண்டு வாரம். கையில் கூலி. இது மூன்றும் பேசி முடிந்த பிறகுதான் போனை ஸ்டேண்டில் ஏற்றுவோம்.