எக்ஸ்ரே படத்தின் நிழலெல்லாம் காசநோய் அன்று

நுரையீரல் புற்றுநோயுடன் எம்மிடம் வருவோருள் சிலர், அதற்குமுன் பல மாதங்கள் காசநோய் மாத்திரை உட்கொண்டவர்கள். தொடர் இருமல், எடைக்குறைவு, சளியில் இரத்தம் ஆகியவை இரு நோய்களுக்கும் பொது. எக்ஸ்ரே படத்திலும் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் ஐயம் முதலில் அதன்மேல் செல்வது இயல்பே. ஆயினும் சளியில் கிருமி காணப்படாமல், படத்தை மட்டும் கொண்டு தொடங்கிய சிகிச்சை சில வாரங்களில் பலன் தராவிடில், "6 மாதம் முடியட்டும்" எனக் காத்திருப்பதை நாங்கள் ஏற்பதில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், சி.டி. ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். புகையையே தொடாத பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற அச்சம் வேறு! அது மிக அரிது. திசு கிடைத்தால், மரபணு மாற்றம் இருப்பின் அதற்குரிய மாத்திரை தரவும் வழியுண்டு.