பந்துகளை எண்ணுவது யார்?

மெல்பர்னின் கிளேட்டன் வட்டாரத்தில் கிரிக்கெட் ஆடும் பிள்ளை இருக்கிற பல தமிழ் வீடுகளில் வாரம் இப்படித்தான் ஓடுகிறது: செவ்வாய் மாலை கிளப் பயிற்சி, வியாழன் தனிக் கோச், சனிக்கிழமை மேட்ச், ஞாயிறு உள்ளரங்க நெட்ஸ். பள்ளி அணியிலும் இடம் கிடைத்துவிட்டால் இன்னொரு நாளும் போய்விடும். ஒவ்வொரு கோச்சும் தன் கண்ணெதிரே வீசப்படும் பந்துகளை மட்டும் அறிவார். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க ஆளில்லை.

நாம் டியூஷனில் வளர்ந்தவர்கள். கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கூடுதலாக நாலு மார்க் என்பது நமக்குப் பாலபாடம். உடம்பு அந்தக் கணக்கில் வராது. பயிற்சி நடக்கும்போது தசையும் எலும்பும் வலுவடைவதில்லை; கொஞ்சம் சேதமடைகின்றன. அதைச் சரிசெய்து, முன்னைவிடச் சற்று உறுதியாகக் கட்டும் வேலை ஓய்விலும் தூக்கத்திலும்தான் நடக்கிறது. தசை சில நாட்களில் தேறிவிடும். எலும்புக்கு வாரக்கணக்கில் ஆகும். எந்தச் சுமையை எவ்வளவு ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்று திட்டமிடுவதே உடல்தகுதிப் பயிற்சியின் சாரம். டம்பெல், கயிறு, கூம்பு எல்லாம் அதற்கான கருவிகள்தான்.

வேகப்பந்து வீச்சை எடுத்துக்கொள்வோம். பந்தை விடுவதற்குச் சற்றுமுன் முன்கால் தரையில் ஊன்றும்போது, உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை மேலேறுகிறது. அதே நொடியில் முதுகு வளைந்து, சாய்ந்து, திருகுகிறது. வலக்கைப் பந்துவீச்சாளருக்குப் பெரும்பாலும் கீழ்முதுகின் இடப்பக்க எலும்பில்தான் விரிசல் விழும். வளரும் வயதில் இந்த எலும்புகள் இன்னும் முற்றியிருக்காது. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் 2011-ல் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட் ஆட 2017 மார்ச் வரை, ராஞ்சி வரை காத்திருந்தார். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியைத் தின்றது முதுகு எலும்பு விரிசல்.

இதைப் பொறுமையாக வென்றுகாட்டிய முன்னோடி ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி. 1973 மேற்கிந்தியச் சுற்றுப்பயணத்தில் அவர் முதுகில் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு, பிறகு பெர்த்தில் உள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் பைக் என்ற விளையாட்டு அறிவியலாளரின் மேற்பார்வையில் நீண்ட பயிற்சி. 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பி வந்து 25 விக்கெட் எடுத்தார். ஓய்வுபெற்றபோது 355 டெஸ்ட் விக்கெட், அன்றைய உலக சாதனை. கதை இரண்டு கிளையாகப் பிரிந்தது நமக்குச் சுவையானது. பைக், 1990-ல் மெல்பர்னில் தொடங்கிய விக்டோரிய விளையாட்டு நிறுவனத்தின் முதல் நிர்வாக இயக்குநர் ஆனார். லில்லி 1987-ல் சென்னைக்கு வந்து, சேத்துப்பட்டில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையத்தை 25 ஆண்டுகள் வழிநடத்தினார். ஸ்ரீநாத், ஜாகீர் கான், நம்ம பாலாஜி எல்லாம் அங்கே பயின்றவர்கள். வேகப்பந்து வீச்சாளனுக்கு ஜிம்மும் ஓட்டமும் நெட்ஸுக்குச் சமம் என்ற எண்ணம் நம் ஊரில் வேர்விட அந்த மைதானம் ஒரு காரணம்.

பெற்றோரைத் தடுமாற வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. காயம் உடனே சொல்லிக்கொண்டு வராது. ஆஸ்திரேலிய அணி மருத்துவராக இருந்த ஜான் ஆர்ச்சர்ட் முதல்தர ஆட்டங்களை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த மூன்று வாரங்களில் காய அபாயம் கூடுவதைக் காட்டினார். இன்றைய வலிக்குக் காரணம் போன மாதத்தில் இருக்கலாம். "நேத்து நல்லாத்தானே போட்டான்" என்பது அதனால் சாட்சியமாகாது.

பிள்ளையைப் பயிற்றுவிப்பவர்களில் யாருக்கு என்ன தகுதி என்பதையும் தெளிவாக்கிவிடலாம். ஆஸ்திரேலியாவில் கோச் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அந்தப் பெயருக்குச் சட்டக் காவல் இல்லை. பிசியோதெரபிஸ்ட் என்ற பெயருக்கு உண்டு. பதிவு செய்யாமல் போட்டுக்கொள்ள முடியாது. ஜிம்மில் பயிற்றுநராக இருப்பவர் ஃபிட்னஸில் மூன்றாம் நிலைச் சான்றிதழ், பர்சனல் டிரெயினர் நான்காம் நிலை முடித்திருப்பார். விளையாட்டு வீரர்களின் உடலைத் தயார்ப்படுத்தும் பயிற்சியாளருக்கு ஆஸ்திரேலிய வலிமை, உடல்தகுதிப் பயிற்சிச் சங்கம் படிப்படியாகச் சான்றளிக்கிறது. கிரிக்கெட் கோச் சொல்லித்தருவது ஆட்டத் திறனை. இருவர் வேலையையும் ஒருவரே செய்யலாம், இரண்டையும் படித்திருந்தால். முன்னாள் வீரர் என்பது படிப்பாகிவிடாது. இதை முறையாகப் படிப்பது தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல: ஹாரி பக் 1920-லேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரைவார்த்தது பிற்பாடு நாம் செய்த திருப்பணி.

நம் வீடுகளில் கேட்கும் இன்னொரு பயம், எடை தூக்கினால் பிள்ளை வளர மாட்டான் என்பது. சரியான மேற்பார்வையில், அளவாகச் செய்யும் வலிமைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாகச் சான்று இல்லை. காயத்தைக் குறைக்க உதவும் என்றே தெரிகிறது. உண்மையில் கவனிக்க வேண்டியது வைட்டமின் டி. கருத்த தோலுக்கு அதைத் தயாரிக்கக் கூடுதல் வெயில் வேண்டும். மெல்பர்ன் குளிர்காலத்தில் அந்த வெயில் இல்லை. எலும்புக்கு அது அவசியம் என்பதால் குடும்ப மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அக்டோபரில் சீசன் தொடங்கும்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மேட்ச், நெட்ஸ், பள்ளி, வீட்டுப் பின்வளவு என எங்கே வீசினாலும் பந்துகளை எண்ணி எழுதுங்கள். எல்லா கோச்சுகளிடமும் அதே நோட்டைக் காட்டுங்கள். கிரிக்கெட் ஆஸ்திரேலியா வயதுவாரியாக வெளியிட்டிருக்கும் ஓவர் வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளை திடீரென உயரம் போடும் மாதங்களில் எண்ணிக்கையைக் குறையுங்கள். முதுகைப் பின்னால் வளைக்கும்போது ஒரு பக்கமாக வலித்தால் பந்துவீச்சை அன்றே நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரிடம் போங்கள். தொடக்கநிலை விரிசல் பல நேரம் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.